நடுவில் இருந்த ஹார்டு டிஸ்க்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சும் போன பிறகு, முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர் சில மாதங்கள் பழைய படுக்கை விரிப்பால் மூடிக் கிடந்தது. அதை ஆன் செய்ய வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். அது அவருடையது. கடையில் முழுசாக வாங்கியதல்ல. போர்டு, பவர் சப்ளை, கேபினட் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்து, போத்தனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து அவரே பூட்டியது. அன்றைக்கு அந்த அறைக்குள் நான் கூட்டக்கூடப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஸ்குரு ஒன்று காணாமல் போனாலும் தேட முடியாதாம்.

எங்கள் பிழைப்பு அந்தக் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. தறியோ, எண்ணெய்ச் செக்கோ, பம்போ, எந்த மிஷினில் எது உடைந்தாலும் அந்தப் பாகத்தை அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் அளந்து பார்த்து, கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பார். அந்தப் படத்தை வைத்து லேத்துப் பட்டறையில் புதுப் பாகம் கடைந்துகொள்வார்கள். பெரிய மிஷினாக இருந்தால் இவரே போய் அளந்துவிட்டு வருவார். கருமத்தம்பட்டித் தறிக்காரர்களுக்குத்தான் நிறைய வரைந்தார். வாரத்தில் பாதி நாள் அங்கே போய் வந்துகொண்டிருந்தார்.

அந்த ஊர்ப் பெயர்தான் அவர் வாயில் மிஞ்சியது. 'ஆமா' என்று ஒரு சொல் வரும். அதைத் தவிர எதைச் சொல்ல நினைத்தாலும் 'கருமத்தம்பட்டி' என்றே வந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கருமத்தம்பட்டி, ஃபேனை நிறுத்து என்பதற்கும் கருமத்தம்பட்டி. முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதற்குச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா என்னிடம், "அவருக்கு எல்லாம் புரியுதுங்க. சொல்ல நினைக்கற வார்த்தைய எடுக்க முடியல, அவ்வளவுதானுங்க. நீங்க அவசரப்படுத்தாம இருங்க" என்றார். நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் காத்திருப்பதும் லேசான காரியமல்ல. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் அவருக்கு வியர்க்கத் தொடங்கிவிடும். அதனால் அவர் பேச முயலும்போது கையில் ஏதாவது வேலையை எடுத்துக்கொள்ளப் பழகினேன்.

பழைய படங்கள் கேட்டு போன் வரத் தொடங்கியதும்தான் கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டியதாயிற்று. "அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று தொடங்கி, கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, "போன வருசம் வரைஞ்ச படம் ஒண்ணு இருக்குமுங்க. அத மட்டும் அனுப்ப முடியுங்களா?" என்று கேட்பார்கள். ஒருநாள் காலையில் விரிப்பை எடுத்து, தூசி தட்டி, அவரை நாற்காலியோடு பக்கத்தில் உட்காரவைத்து பட்டனை அமுக்கினேன்.

திரை வெளிச்சமானது. போர்டு தயாரித்த கம்பெனியின் சின்னம் வந்தது. அதோடு நின்றுவிட்டது. முன்பெல்லாம் பட்டனை அமுக்கிவிட்டு அவர் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் உள்ளே போய்விடும். நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய்க் குக்கரில் அரிசியை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். சின்னம் அப்படியே நின்றது. குக்கர் விசில் அடித்த பிறகுதான் ஒருவழியாக விண்டோஸ் வந்தது.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் மோசமானது. உள்ளே போய்விட்டால் ஒழுங்காக வேலை செய்தது. தொடங்குவதில்தான் கோளாறு. அவர் ஒவ்வொரு தடவையும் இடது கையைக் கேபினட் மேல் வைத்துக்கொள்வார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருக்கும். தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு என்னைப் பார்த்து, "கருமத்தம்பட்டி" என்பார். அவருக்குக் கோளாறு எது என்று தெரிந்திருந்தது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேபினட்டை ஆட்டோவில் மடியில் வைத்து ரிப்பேர் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அவரும் வருவேன் என்று கையைப் பிடித்துக்கொண்டதால் கூட்டிப்போனேன். "பழைய செட்டுங்கக்கா. போர்டுல இருக்கற பேட்டரி போயிருக்கும்" என்று கடைக்காரர் ரூபாய்க் காசு போன்ற ஒரு பேட்டரியை மாற்றிப்போட்டார். கம்ப்யூட்டரில் கடிகாரம் சரியாக ஓடத் தொடங்கியது. தாமதம் போகவில்லை. "அப்ப டிஸ்க்கு எதோ மக்கர் பண்ணுது. வெச்சுட்டுப் போங்க, பொறுமையாப் பாத்துச் சொல்றேனுங்க" என்றார். இவர் கேபினட்டின் மேல் இடது கையைப் போட்டு அணைத்துக்கொண்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

எங்கள் மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்வாள். அன்றைக்கு அவளிடம் சொன்னேன்.

"அதொண்ணும் பெரிய விசயமில்லீங்கம்மா. நீங்களே பாத்துக்கலாம்" என்றாள். "ஆன் பண்ணுனதும் அது முதல்ல தங்கிட்ட என்னென்ன டிஸ்க் இருக்குதுன்னு ஒவ்வொண்ணாக் கூப்புட்டுப் பாக்குமுங்க. ஏதோ ஒண்ணு பதில் சொல்லாட்டி, அது சொல்ற வரைக்கும் அங்கயே நின்னுக்கும். எது பதில் சொல்லலைன்னு நாம கண்டுபுடிக்கோணும், அவ்வளவுதான்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"முதல்ல வயரு சரியா இருக்குதான்னு பாருங்க. லூசா இருந்தாலும் இப்படித்தான் பண்ணும்" என்றாள்.

அன்று சாயங்காலம் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திருப்புளியால் கழற்றினேன். உள்ளே நான் நினைத்ததுபோல் குப்பையாக இல்லை. வயர்களையெல்லாம் அவர் ஓரமாக ஒதுக்கிச் சிறிய பிளாஸ்டிக் கட்டுகளால் கட்டியிருந்தார். மேலே டிவிடி போடும் பெட்டி, அதன் கீழே அடுக்கில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். விண்டோஸ் இருக்கும் சின்ன டிஸ்க் ஒன்று தனியாகப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. கையை உள்ளே விடப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"விடுங்க, சும்மா வயரத்தான் பாக்கறேன்."

"கருமத்தம்பட்டி! கருமத்தம்பட்டி!"

பிடி இறுகியது. வலித்தது. தன் பொருளை நான் தொடுவது பிடிக்கவில்லை என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, நான் தொடாம வேற ஆரு தொடுவாங்க? நீங்க எந்திரிச்சு வந்து செய்வீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையை விட்டார். அதே கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். சுவிட்ச்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தாமலே கையை விட்டிருக்கிறேன். அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிறகு அவர் என் தோளைத் தட்டி, உள்ளே போ என்பதுபோல் கையைக் காட்டினார். ஒவ்வொரு வயராக நான் தொட, சரி என்றால் "ஆமா" என்றார். இல்லையென்றால் தலையாட்டினார். மேஜை இழுப்பறையில் புது வயர் இருப்பதையும் அவரே கை காட்டினார். இரண்டு டிஸ்க்குகளின் வயர்களையும் மாற்றினோம்.

பட்டனை அமுக்கியதும் சின்னம் வந்து உடனே போயிற்று. அவர் இடது கையால் மேஜையைத் தட்டினார். நோய் வந்த பிறகு அவர் முகம் அப்படி இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சில நாட்கள் நன்றாக ஓடியது. அந்த நாட்களில் அவர் காலையில் தானாகவே முன்னறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். பழைய படங்களைத் திறந்து பார்ப்பார். நானும் அவருக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் வேலையைப் பார்ப்பேன். பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருவரும் ஒரே அறையில் இருக்க முடிந்தது.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, மறுபடி சின்னத்தில் நின்றது. இந்தத் தடவை முன்னைவிட அதிக நேரம். பாதியில் நிறுத்தி மறுபடி ஆன் செய்ய வேண்டியதாயிற்று.

"எல்லாத்தையும் கழட்டிட்டு, விண்டோஸ் இருக்கறத மட்டும் வெச்சு ஆன் பண்ணுங்க. அப்பறம் ஒண்ணு ஒண்ணா மாட்டிப் பாருங்க" என்றாள் மகள்.

அவள் சொன்னபடியே செய்தேன். சின்ன டிஸ்க்கோடு மட்டும் ஆன் செய்தபோது கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. நிறுத்திவிட்டு டிவிடி பெட்டியை மாட்டினேன். அப்போதும் வேகம்தான். அடியில் இருந்த ஹார்டு டிஸ்க்கை மாட்டினேன். அது ஏறக்குறையப் புதுசு. நகல் எடுத்து வைப்பதற்கென்றே நோய் வருவதற்குச் சற்று முன்பு வாங்கிப் பூட்டியிருந்தார். நகல் எடுக்கும் வேலையைத் தொடங்கவில்லை. அதுவும் ஒழுங்காக வந்தது. மிச்சமிருந்தது நடுவில் இருந்த பழைய டிஸ்க். அதை மாட்டியதும் சின்னம் வந்து நின்றுகொண்டது.

அப்போதுதான் நானும் அவரைப்போல் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ எழுந்திருக்க முயன்று, முடியாமல் உட்கார்வதுபோல் ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடி அதே சத்தம். அவர் என்னைப் பார்த்தார். நான் கண்டுகொண்டேன் என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

மகளை வேலை நேரத்திலேயே கூப்பிட்டேன். "அதுல என்னம்மா இருக்குது?" என்றாள்.

"எல்லாமே அதுலதான் கண்ணு இருக்குது."

"அது போகப்போற டிஸ்க்குங்கம்மா. உள்ள வந்துச்சுன்னா மறுபடி ஆஃப் பண்ணாதீங்க. வந்த உடனே அந்தப் புது டிஸ்க்குல காப்பி போடுங்க. எது முக்கியமோ அத முதல்ல. முழுசாக் கெடைக்கும்னு சொல்ல முடியாது."

நெடுநேரம் கழித்து உள்ளே போயிற்று. அந்த டிஸ்க்கில் இரண்டே ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றுக்கு 'வேலை' என்றும் இன்னொன்றுக்கு 'வீடு' என்றும் பெயர் வைத்திருந்தார். 'வேலை'யில் இத்தனை வருடம் வரைந்த படங்கள். 'வீடு' ஃபோல்டரில் மகள் பிறந்தது முதலான போட்டோக்கள், பள்ளிக்கூட ஆட்டம், நாங்கள் இந்த வீட்டைக் கட்டியது, என் அப்பா எங்கள் வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்தபடி பேசும் வீடியோ. அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது.

நான் அம்புக்குறியை 'வீடு' மேல் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். என் கையிலிருந்து மவுஸை வாங்கி, இடது கையால் தடுமாறி நகர்த்தி, 'வேலை' மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கருமத்தம்பட்டி" என்றார்.

அந்த ஊர்த் தறிகளின் படங்களைத்தான் சொன்னாரா, வாயில் எப்போதும் வருவது வந்ததா, தெரியவில்லை. ஆனால் அவர் மனதில் இருந்தது எனக்குப் புரிந்தது. கை சரியாகிவிடும், பேச்சு வந்துவிடும், மறுபடி உட்கார்ந்து வரையப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நடக்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இந்தப் படங்கள் இனி அவருக்கு உதவாது என்று தெரிந்தேதான், "சரிங்க, உங்க வேலையவே முதல்ல எடுத்துக்கலாம்" என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஏன் என்று கேட்பதுபோல் பார்த்திருப்பார்.

நகல் ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. இவ்வளவு நேரத்தில் முடியும் என்று திரையில் காட்டும். பிறகு அந்த நேரமே நீண்டுகொண்டு போகும். மதியச் சாப்பாட்டை முன்னறைக்கே கொண்டுவந்து அவருக்கு ஊட்டினேன். மின்சாரம் போய்விடக் கூடாதே என்று இருவரும் ஃபேனை அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டோம். பொழுது சாயும் நேரத்தில் 'வேலை' முழுசாக வந்து சேர்ந்தது. அவர் புது டிஸ்க்கில் திறந்து ஒன்றிரண்டு படங்களைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

உடனே 'வீடு' ஃபோல்டரைப் போட்டேன். கோயில் திருவிழா போட்டோக்கள் சில வந்தன. அதற்குள் அந்தச் சத்தம் பெரிதாயிற்று. எழுந்து எழுந்து உட்கார்ந்தது. பச்சைக் கோடு நகராமல் நின்றது. ஏதோ ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து விழுந்தது. அதை மூடியபோது டிஸ்க்கின் பெயரே திரையில் இல்லை.

வேறு வழி தெரியாமல் நிறுத்திவிட்டு ஆன் செய்தேன். சின்னம் வந்து உடனே போயிற்று. அத்தனை வேகமாக வந்ததைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது காத்திருக்க வேண்டிய டிஸ்க் என்று ஒன்று கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லை. அவர் மேஜை மேல் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டார். நான் முதுகில் கை வைத்தேன். "போனாப் போகுதுங்க. வேலையாவது கெடச்சுதே" என்றேன். அவரிடமிருந்து 'ஆமா' கூட வரவில்லை.

அழிந்த டிஸ்க்குகளிலிருந்து மீட்டுக் கொடுப்பவர்களிடம் மகள் அதை அனுப்பிப் பார்த்தாள். உள்ளே தட்டு கீறிப்போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"போட்டோ கொஞ்சம் என் போன்லயும் இருக்குதுங்கம்மா. நீங்க வெசனப்படாதீங்க" என்று போனில் சொன்னாள். பிறகு, "அந்த வீடியோவெல்லாம் அப்பாதான எடுத்தாரு. எடுக்கறப்ப பேசிக்கிட்டே இருப்பாருங்களே..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. கேமரா எப்போதும் அவர் கையில்தான் இருக்கும். ஒரு வீடியோவிலும் அவர் முகம் வராது. குரல் மட்டும் வரும். 'இங்க பாரு கண்ணு', 'அம்மிணி, கொஞ்சம் தள்ளி நில்லு', 'மாமா, சத்தமாப் பேசுங்க'. அவர் போனில் பேசி அனுப்புகிற ஆளும் அல்ல. எல்லாவற்றையும் எழுத்தில்தான் அனுப்புவார். மகள் அவர் குரலுக்காகத் தன் பழைய போன்களையெல்லாம் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு ஒருநாள் காங்கேயத்திலிருந்து எண்ணெய் மில்காரர் ஒருவர் நேரில் வந்தார். செக்கில் போடும் ஒரு பாகத்தின் படம் வேண்டும், ஆனால் நடுத் துளையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்றார். நான் பதில் சொல்வதற்குள் இவர் பளிச்சென்று "ஆமா" என்றுவிட்டார். "அவசரமில்லீங்கண்ணா. உங்களுக்கு எப்ப முடியுதோ அப்பச் செஞ்சு கொடுங்க. நான் நாளான்னிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் இவர் தலை சீவி, சட்டை மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். படத்தைத் திறந்தார். அந்தத் துளையைக்கூடச் சரியாகத் தொட்டுவிட்டார். அளவை அடிக்க வேண்டிய இடத்தில் நின்றார். ஒரு எண்ணை அடித்தார், அழித்தார். வேறொன்றை அடித்து, அதையும் அழித்தார்.

"விரல்ல காட்டுங்க, நான் அடிக்கறேன்" என்றேன். காட்டினார். அடித்தேன். இல்லையென்று தலையாட்டினார். மறுபடி அதே விரல்களைக் காட்டினார். மறுபடி இல்லை என்றார். சொற்களைப்போல எண்களும் அவருக்குள் இடம் மாறிவிட்டிருந்தன. அது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயில் ஏறும்வரை முயன்றார். பிறகு மவுஸை மெதுவாக ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி எழுந்து, பின்பக்கம் போய்த் துவைக்கும் கல் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் கூப்பிடவில்லை.

காங்கேயத்துக்காரருக்கு இருந்த படத்தை அப்படியே அனுப்பி, போனில் சொன்னேன். "பரவாயில்லீங்கக்கா. அண்ணனுக்குச் சொகமானதும் பாத்துக்கலாமுங்க" என்றார்.

"இல்லீங்க, நீங்க வேற ஆளையே பாத்துக்குங்க. இனி அவரால முடியாதுங்க" என்றேன். யாரிடமும் அதுவரை வாய்விட்டுச் சொல்லாதது. பின்கதவு திறந்துதான் இருந்தது, அவர் அந்தக் கல் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அவர் முன்னறைக்கு வரவில்லை. நாள் முழுக்கப் பின்பக்கம் இருக்கிறார். சாப்பாட்டுக்கு உள்ளே வருகிறார். 'கருமத்தம்பட்டி'யும் குறைந்துவிட்டது. வேண்டியதைக் கையால் காட்டுகிறார். பேச்சுப் பயிற்சி அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

காலையில் நான் தனியாகக் கம்ப்யூட்டரை ஆன் செய்து, கேட்டவர்களுக்கு அவர்கள் படத்தை அனுப்புகிறேன். போன மாதம் தறிக்காரர் ஒருவர், வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியதைத் தவறி எனக்கு அனுப்பிவிட்டார். திறந்து பார்த்தேன். இவர் வரைந்த படம். ஓரிரண்டு அளவுகள் மட்டும் மாறியிருந்தன. படத்தின் கீழ் மூலையில் வரைந்தவர் பெயர் போடும் சின்னக் கட்டத்தில் இவர் பெயரை எடுத்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒருவர் தன் பெயரைப் போட்டிருந்தார். அதில் தப்பில்லை, மாற்றியவர் பெயர்தானே போட வேண்டும். தறிக்காரருக்கு, தவறி வந்துவிட்டது என்று மட்டும் ஒரு வரி எழுதினேன். அந்தப் படத்தை அழித்துவிட்டு, இவருக்குச் சாப்பாடு போட எழுந்து போனேன்.